சக்கரச் சேற்றில் முளைத்தது

வானம் தன் கடமையை மறந்து ஆண்டு இரண்டு கழிந்துவிட்ட ஒரு நகரின் விளிம்பிலே, உச்சிப்பொழுதின் வெயில் தகரக் கூரைகள்மீது கொட்டிக் கிடக்க, அக்கூரைகளின் நிழலில் வரிசைகட்டி நின்ற பேருந்துகள் தம் வயிற்றுச் சூட்டையெல்லாம் வெளியே தள்ளிப் பெருமூச்செறிய, எண்ணெய் ஊறிக் கறுத்து இறுகிய தரையில் கால் வைத்தவர் கால் மாற்றி வைக்காமல் நிற்கவியலாத அந்தப் பணிமனையை, சுவைஞரே, நீங்கள் முதலில் காண வேண்டும். வாயிலில் எரிநெய் நிரப்பும் குழாய்; அதனையடுத்து, சுழலும் விசிறியின் கீழமர்ந்தும் வியர்த்துக்கொண்டிருக்கும் மேலாளரின் அறை; அப்பால், வந்தடையும் வண்டிகளின் புழுதியைப் பீற்றுக்குழாயால் அடித்துக் கழுவும் முற்றம்; அதற்கும் அப்பால், கழற்றிய சக்கரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கப்பட்டு, அவற்றைப் பூட்டும் மரைகள் தகரக் கிண்ணங்களில் எண்ணெயில் ஊறிக் கிடக்கும் சக்கரக் கொட்டில்; எல்லாவற்றுக்கும் கடைசியில், கொட்டிலுக்கும் சுற்றுமதிலுக்கும் இடையே, ஒரு வண்டி நிற்கும் அகலமே உடைய ஒரு துண்டு நிலம். அழகுக்கும் இவ்விடத்துக்கும் கொடுக்கல் வாங்கல் ஏதுமில்லை என்று நீங்கள் எண்ணினால் உங்களை நான் குறை சொல்ல மாட்டேன்.

அத்துண்டு நிலத்தில், மதிலை ஒட்டி, இடுப்பளவு உயரத்தில் ஒரு வரிசைச் செடிகள் நின்றன. இலை சிறிது, அதன்மேல் நரைத்த மென்மயிர் படர்ந்து, தொட்டால் பூனையின் காதைத் தொட்டாற் போலிருக்கும், நிறமோ பச்சையென்றும் சொல்லவியலாமல் சாம்பலென்றும் சொல்லவியலாமல் இரண்டுக்கும் நடுவே தயங்கி நின்றது. பூத்ததில்லை, காய்த்ததில்லை, யாரும் அதற்கொரு பெயர் சொல்லிக் கேட்டதுமில்லை. ஓட்டுநர் ஒருவர் மருந்துச்செடி என்றார். நடத்துநர் ஒருவர் வெறுங்களை என்றார். இருவரும் இதன்பொருட்டுப் பேச்சை நிறுத்திக்கொண்டு ஒரே வண்டியில் ஒரு திங்கள் முழுதும் சீழ்க்கையொலியாலேயே உறவாடினர்.

இச்செடிகளை வளர்த்தவள் சக்கரக் கொட்டிலில் பணிபுரிந்த ஒரு பெண். அவள் இறுக்கிய மரையை ஆடவர் இருவர் சேர்ந்து தொங்கினாலும் அசைக்க முடியாது; அவள் சொன்ன சொல்லும் அவ்வாறே என்பதனால் பணிமனை அவளைத் திருகாணி என்றே அழைத்தது; அவளும் அதனை ஒரு பட்டம்போல் ஏற்றுக்கொண்டாள். அவள் கணவன் அதே பணிமனையின் நெடுவழி ஓட்டுநன். வறண்ட மேட்டு நிலங்களைக் கடந்து செல்லும் வழியில் ஒரு முறை வண்டியோட்டிச் சென்றவன், பயணியரெல்லாம் இடைநிறுத்தங்களிலேயே இறங்கிவிட, வெறும் வண்டியோடு கடைசி நிறுத்தத்தை அரைநாள் பிந்தி அடைந்து, பிந்தியதற்கு ஒரு விளக்கமும் தராமல், திறவுகோலை மேசைமேல் வைத்துவிட்டு, இதோ வருகிறேன் என்று சொல்லி நடந்தான். அந்த ‘இதோ’ இன்னும் முடியவில்லை.

வண்டியை வேறோர் ஓட்டுநர் திருப்பிக் கொணர்ந்தார். அதன் சக்கர வளைவுகளுக்குள், அப்பெருவழியில் எங்குமே காணாத வெண்சாம்பல் நிறச் சேறு அப்பிக் காய்ந்திருந்தது. எங்கோ வழிவிலகி, எவ்வூருக்குள்ளோ அவ்வண்டி போய் வந்திருக்கிறது என்பதை அச்சேறு தெளிவாகச் சொல்லிற்று; எவ்வூர் என்பதை மட்டும் சொல்லவில்லை. சேறு சுரண்டுவது கொட்டிலின் வேலை. கொட்டிலில் அன்று இருந்தவளோ அவளே. கரண்டியால் சுரண்டிச் சுரண்டி, கட்டி கட்டியாய் மதிலோரம் வீசினாள். வீசும்போது அழவில்லை, ஏசினாள். என்னவென்று ஏசினாள் என்பதை எழுத இந்தச் செந்தமிழ் நடை இடந்தராது, பொறுத்தருள்க. பின்பு பெய்த கடைசிச் சிறுமழையில் அச்சேற்றிலிருந்து ஒரு முளை தலைநீட்டியது. பிடுங்கி எறிந்திருக்கலாம், அவள் எறியவில்லை. ஓடியவன் விட்டுச்சென்ற சேறாயினும் முளைத்தது தன் மதிலடியில் என்பது அவள் கணக்கு. அது வளர வளரக் கொம்பொடித்து நட்டு நட்டு அதனை ஒரு வரிசையாக்கினாள்.

இனி, பணிமனையின் அன்பைச் சொல்ல வேண்டும். அது சிறிய அன்பன்று. கணவனால் கைவிடப்பட்டவளுக்கு என்ன செய்வதென்று அறியாத அவ்வோட்டுநர்களும் நடத்துநர்களும், அவளுக்குச் செய்ய முடியாததை அவள் செடிக்குச் செய்தனர். வேலை முடித்து வண்டியை நிறுத்தியவர் எவராயினும் தம் குவளையில் எஞ்சிய நீரை அச்செடியடியில் ஊற்றி, ‘ஐயோ பாவம்’ என்று தமக்குள் சொல்லிக்கொண்டே வீடு திரும்புவது வழக்கமாயிற்று. வண்டி கழுவுபவர், எந்நேரமும் பீற்றுக்குழாயும் கையுமாய்த் திரிவதனால் மழைராசா என்று பெயர் பெற்றவர், இதில் எல்லாரையும் விஞ்சி நின்றார். செடிகளும் குடித்துக் குடித்து இலையாய் விட்டுத் தள்ளின.

நீர்ப்பஞ்சம் முற்றியபோது தலைமை அலுவலகத்திலிருந்து ஓர் ஆணை வந்தது. பணிமனைகளில் எச்செடிக்கும் நீர் விடலாகாது. நீரின்றி வாழாதவற்றைக் களைந்து, அந்நிலத்தில் கற்காரைக் கலவை இட்டு வண்டி நிறுத்துமிடமாக்குக. வறட்சியைத் தானே தாங்கி நிற்கும் செடியாயின், செடியறிந்தோர் ஒருவர் அதன் பெயர் சொல்லி உறுதி கூறினால், அது நிற்கலாம். மேலாளர் கொடியவர் அல்லர். மேலிருந்து வந்ததைக் கீழே இறக்கி வைப்பவர். ஆதலின் ஆணையோடு நேரே மதிலடிக்கு வந்தார்.

“என்ன செடிம்மா இது? பேராவது தெரியுமா?”

“தெரியாது சார்.”

“பேரே தெரியாத செடிக்கு நான் மேல என்னன்னு சொல்றது? மாசக் கடைசில கலவை வண்டி வருது. அதுக்குள்ள பேரைச் சொல்லு. இல்லன்னா நீயே புடுங்கிடு.”

“புடுங்க மாட்டேன் சார். பேரைச் சொல்றேன்.”

“யாரு வந்து சொல்லுவா?”

“ஆளு இருக்கு. நான் கூப்பிடணும், அவ்வளவுதான்.”

அழைப்பது எளிதன்று என்பதனால் அவள் அழைக்கவில்லை. மாறாக, தன் வீட்டுக்கு அளந்து விடப்படும் நீரில் குளிப்புக்குரியதைக் குறைத்து, தூக்குக்குவளையில் நிரப்பி, ஆணையை அதன் கண்ணெதிரே மீறி நாள்தோறும் ஊற்றினாள். எதிர்ப்பு என்றால் அவள் அறிந்திருந்தது அது ஒன்றே: வேண்டாமென்று சொல்லப்பட்டதைச் செய்வது. ஆயினும் செடிகள் அவ்வெதிர்ப்பில் பங்குகொள்ள மறுத்தன. கொம்புகள் நெடிதாய், நொய்தாய்ச் சாய்ந்தன. ஓரத்துச் செடி ஒன்று அடி கறுத்து ஒரு காலையில் படுத்தேவிட்டது. அன்றுதான் அவள் தன் செருக்கை விழுங்கி, அழைக்க வேண்டியவளை அழைத்தாள்.

அழைக்கப்பட்டவள் கணவனின் தங்கை. செடிகளை ஆய்ந்து வகை பிரித்துப் பெயர் காண்பதையே தொழிலாகக் கொண்ட அவள், அண்ணன் ஓடிய நாள்முதல் நாணத்தால் அண்ணியின் வாயிற்படியை மிதியாதவள். கழுத்தில் தொங்கிய உருப்பெருக்கிக் கண்ணாடியோடு வந்தாள். ‘நலமா’ என்று கேட்கும் துணிவின்றி நேரே செடியடியில் குந்தினாள். மண்ணைக் கிளறி ஒரு வேரை வெளியே எடுத்து மோந்தாள்.

“அண்ணி, இதுக்கு யாரு தண்ணி ஊத்துறா?”

“நான்தான். முன்னாடி எல்லாரும் ஊத்துனாங்க. ஏன், ஊத்தக் கூடாதா?”

“வேர் அழுகுது. மோந்து பாருங்க. இது வெயில்ல காயறதுக்குன்னே பொறந்த செடி. குடிக்கக் குடிக்க இலையா விடுமே தவிர பூக்கவே பூக்காது. பூக்காம என்னால பேர் சொல்ல முடியாது.”

“அவ்வளவு படிச்சியே, இலையைப் பார்த்துச் சொல்லக் கூடாதா?”

“இதே இலைல நாலஞ்சு செடி இருக்கு அண்ணி. பூவோட தொண்டைக்குள்ள பார்த்தாத்தான் எதுன்னு தெரியும். தெரியாம உறுதி சொல்ல மாட்டேன். உங்களுக்காகன்னாலும் மாட்டேன்.”

அந்த மறுப்பு திருகாணிக்குப் பிடித்திருந்தது. ஆனால் வந்தவள் எழுந்து போகவில்லை. மண்ணைத் தட்டிய கைகளையே பார்த்துக்கொண்டு இருந்தாள்.

“இன்னொன்னும் சொல்லிடறேன். இந்த நாலஞ்சும் ஒவ்வொண்ணும் ஒவ்வொரு பக்கத்துலதான் தானா முளைக்கும். எதுன்னு தெரிஞ்சிட்டா, அன்னைக்கு வண்டி எந்த ஊருக்குள்ள போச்சுன்னும் தெரிஞ்சிடும். அண்ணன் அங்கதான்...”

“ஓ. அதுக்குத்தான் கூப்பிட்டதும் ஓடி வந்தியா?”

“அதுக்கும்தான் வந்தேன். உங்ககிட்ட பொய் சொல்ல மாட்டேன் அண்ணி.”

ஆக, ஒரே பூவின்மேல் இரண்டு பெண்கள் இருவேறு நம்பிக்கைகளைத் தொங்கவிட்டனர்: ஒருத்திக்குத் தன் மதிலடி வேண்டும், மற்றொருத்திக்குத் தன் உடன்பிறந்தான் வேண்டும். இரண்டும் கைகூட வேண்டுமாயின் செய்யத்தக்கது ஒன்றும் செய்யாதிருத்தலே. சுவைஞரே, ஊற்றுவது எளிது. ஊற்றாமல் கைகட்டி நிற்பதற்குத்தான் நெஞ்சுரம் வேண்டும்.

அவள் தூக்குக்குவளையை வீட்டிலேயே விட்டு வந்தாள். நாட்கள் சென்றன, ஆனால் செடியடி மண் ஈரம் மாறவில்லை, இலைகள் முன்போலவே மதமதவென்று கிடந்தன. ஐயுற்றவள் ஒருநாள் விடியலில், பணி தொடங்குமுன்பே வந்து கொட்டிலின் பின்னே நின்றாள். மழைராசா, குழாயை நிறுத்திவிட்டு, இரு கைகளிலும் இரண்டு குவளைகளோடு, கன்றுக்குத் தீவனம் வைப்பவர்போல் மெல்ல மெல்ல நடந்து வந்தார்.

“என்னண்ணே பண்றீங்க?”

குவளை ஒன்று கைதவறி விழுந்தது. “வாடிப் போற மாதிரி இருந்துச்சும்மா. பாவமா இருந்துச்சு.”

“யாரு பாவம்? செடியா, நானா?”

மழைராசா பொய்யறியாத மனிதர். “ரெண்டும்தாம்மா” என்றார்.

அவள் அதுவரை யாரிடத்தும் சொல்லாததை, அந்த எளிய மனிதரிடத்தில், விடியலின் வெளிறிய ஒளியில், ஓசை உயர்த்தாமல் சொன்னாள்.

“அவன் போனதுலேர்ந்து ஆளாளுக்கு என் மேல ஊத்திக்கிட்டே இருக்கீங்க. நான் டயரைத் தூக்குனா ஓடி வந்து வாங்கிக்கிறீங்க. நான் சிரிச்சா, உள்ளுக்குள்ள அழுறான்னு பேசிக்கிறீங்க. நான் அழல அண்ணே. எனக்குக் கோவம் இருக்கு, வேலை இருக்கு, பசிக்குது, தூக்கம் வருது. அவ்வளவுதான். பாவம் பாவம்னு குடிச்சுக் குடிச்சே வேர் அழுகிப் போச்சு. இனிமே ஒரு சொட்டு ஊத்துனீங்க, உங்க பைப்பைப் புடுங்கி மதிலுக்கு அந்தப் பக்கம் வீசிடுவேன்.”

மழைராசா விழுந்த குவளையை எடுத்து, எஞ்சிய நீரை முற்றத்துத் தொட்டியிலேயே திரும்பக் கொட்டினார். அன்று மாலைமுதல், பழக்கத்தால் மதிலடிக்குக் குவளையோடு வந்த ஓட்டுநர்களையெல்லாம் பீற்றுக்குழாயை ஏந்தி வழிமறித்து, “வேணும்னா உன் தலையில ஊத்திக்க” என்று திருப்பியனுப்பினார்.

மண் காய்ந்தது, காய்ந்து வெடித்தது. மதமதத்த இலைகள் பழுத்து உதிர, எஞ்சியவை சுருண்டு, நரை முழுதும் மேலேறி, செடிகள் யாவும் அடுப்புச் சாம்பலை அள்ளிப் பூசினாற்போல் நின்றன. கொன்றே விட்டாள் என்றது பணிமனை. வஞ்சம் தீர்க்கிறாள் என்றனர் சிலர். முன்பு ‘ஐயோ பாவம்’ என்ற வாய்கள் இப்போது ‘கல்நெஞ்சக்காரி’ என்றன; அச்சொல் அவளுக்கு முன்னையதினும் இனிதாகவே இருந்தது. எனினும் அவளும் இரும்பாலானவள் அல்லள். ஒரு நண்பகலில், யாருமில்லாப் பொழுதில், தன் குடிநீர்க் குவளையோடு மதிலடிவரை சென்றுவிட்டாள். குவளையைச் சாய்க்கவும் சாய்த்துவிட்டாள். பின் சட்டென்று நிமிர்த்தி, அந்நீர் முழுவதையும் தானே குடித்துவிட்டுத் திரும்பினாள்.

திங்களின் இறுதியில் காற்று மாறியது. மழையில்லை, ஆனால் வானம் தாழ்ந்து கறுத்து, சட்டைகள் முதுகில் ஒட்டி, இரும்பெல்லாம் வியர்த்தது. அப்படியொரு காலையில் கலவை வண்டி தன் பெருவயிற்றைச் சுழற்றிக்கொண்டே வாயிலுள் நுழைந்தது. மேலாளர் மதிலடியில் நின்று ஒரு கொம்பைத் தொட, அது பட்டென்று ஒடிந்தது.

“செத்த செடிக்கு என்னம்மா பேரு வைக்கப் போற? தள்ளி நில்லு.”

அவள் அவரைப் பார்க்கவில்லை. ஒடிந்த கொம்புக்கு அடுத்த கொம்பைப் பார்த்தாள். அதன் கணுக்களில், சுருண்ட இலைகளின் இடுக்கில், கடுகினும் சிறிய முடிச்சுகள் திரண்டிருந்தன. ஒன்றல்ல, கொம்பு முழுதும். அக்கொம்பில் மட்டுமல்ல, வரிசை முழுதும். அவள் திரும்பி நடந்தாள். சக்கரம் பார்க்கும் முறை வந்து நின்றிருந்த நெடுவழி வண்டியை, ஆம், அந்த வண்டியையேதான், மதிலடி நிலத்தின் வாய்க்குக் குறுக்கே கொணர்ந்து நிறுத்தச் செய்தாள். நான்கு மூலையிலும் பாரந்தூக்கி வைத்து உயர்த்தினாள். சக்கரங்களை ஒவ்வொன்றாய்க் கழற்றி உருட்டிக் கொட்டிலில் சாய்த்தாள். இறுதியாக ஏறி, ஓட்டுநர் பிடிக்கும் வளையத்தில் தன் செந்துணியைக் கட்டினாள்.

அப்பணிமனையில் எழுதப்படாத முறை ஒன்றுண்டு. சக்கரம் கழற்றிய வண்டியில் கட்டப்பட்ட செந்துணியைக் கட்டிய கையன்றி வேறு கை அவிழ்க்கலாகாது. அதனை அவிழ்க்காமல் வண்டியை இறக்கலாகாது. மேலாளருக்கும் இதில் விலக்கில்லை. அடியில் ஆள் கிடக்க, அறியாமல் வண்டியை இறக்கிய ஒரு கொடுநாளுக்குப் பின் தோன்றிய முறை அது. மேலாளர் செந்துணியைப் பார்த்தார். கலவை வண்டியைப் பார்த்தார்.

“எப்பம்மா முடியும்?”

“மரை தேய்ஞ்சிருக்கு சார். நிதானமாத்தான் பார்க்கணும். அவசரத்துல மாட்டினா வழியில கழண்டுக்கிட்டு ஓடிடும். ஏற்கெனவே இந்த வண்டி ஒருத்தனை ஓட விட்டுட்டு வந்த வண்டி.”

யாரோ ஒருவர் சிரித்துவிட்டார். அடுத்தவர் சிரித்தார். ஓட்டுநரும் நடத்துநரும் சிரிக்க, மழைராசா கண்ணில் நீர் வரச் சிரிக்க, அத்தனை காலம் அவள் முன்னிலையில் யாரும் எடுக்கத் துணியாத அப்பேச்சு, உடைந்து சிரிப்பாய்ச் சிதறியது. அவளும் சிரித்தாள். கலவை இறுகிவிடும் என்று அஞ்சி, கலவை வண்டி வேறிடம் நோக்கி விரைந்தது. நாளை வருமாறு சொல்லிவிட்டு மேலாளரும் தம் விசிறியடிக்குத் திரும்பினார்.

மறுநாள் விடியலில் முதலில் கண்டவர் மழைராசா. அவர் எழுப்பிய கூவலில் பணிமனை முழுதும் ஓடி வந்தது. சாம்பற் கொம்புகள் எல்லாம், அடிமுதல் நுனிவரை, ஓர் இடைவெளியும் விடாமல், செந்நீல மணிகளால் நிறைந்திருந்தன. மழை இன்னும் பெய்யவில்லை. அதன் ஈரம் காற்றில் வந்து தொட்டதற்கே அச்செடிகள் அவ்வளவையும் எடுத்து வெளியே வைத்துவிட்டன. திருகாணி ஒரு கையைக் கொட்டிலின் தூணில் ஊன்றியபடி நின்றாள். அவள் அழுதாள்; யாரும் ‘ஐயோ பாவம்’ எனவில்லை.

நாத்தனார் வந்தாள். ஒரு பூவைக் கொய்து, நகத்தால் அதன் தொண்டையைக் கீறிப் பிளந்து, உருப்பெருக்கிக் கண்ணாடியைக் கண்ணோடு சேர்த்து நெடுநேரம் நோக்கினாள். உள்ளே மஞ்சள் படர்ந்து, அதன்மேல் செம்புள்ளிகள் இருந்தன. மேலாளரிடம் பெயரைச் சொன்னாள். அது நூலோர் இட்ட நீண்ட பெயர். அவர் இருமுறை பிழையாய்ச் சொல்லிப் பின் ஒருவாறு பிடித்துக்கொண்டார். உறுதியும் கூறினாள். மகிழ்ச்சி மிக்க மேலாளர், “இவ்வளவு அழகா இருக்கே, மேல கேட்டு ஒரு சொட்டுநீர்க் குழாய் போட்டுத் தரச் சொல்லட்டுமா?” என்றார். “வேணாம்!” என்று அத்தனை குரல்களும் ஒருசேர எழுந்தன, அவற்றுள் மழைராசாவின் குரலே ஓங்கி ஒலித்தது.

கூட்டம் கலைந்தபின் நாத்தனார் அண்ணியின் அருகே வந்து நின்றாள்.

“எந்த ஊருன்னு தெரிஞ்சிடுச்சு அண்ணி. இந்தப் பூ ஒரே ஒரு...”

திருகாணி எண்ணெய்க் கறை படிந்த கையை உயர்த்தினாள்.

“பேரு போதும். ஊரு எனக்கு வேணாம்.”

“கோவமா?”

“கோவம்தான். ஆனா உன் மேல இல்ல. அவன் உனக்கு அண்ணன், நீ போய்ப் பாரு. நான் தடுக்க மாட்டேன். எனக்கு அங்க வேலை இல்ல.”

அன்று பகல் முழுதும் அவள் அவ்வண்டியின் சக்கரங்களை மாட்டினாள். தேய்ந்த மரைகளைக் கழித்துப் புதியவற்றைத் தேர்ந்து, ஒவ்வொன்றையும் இறுக்கி, இறுக்கியதை மீண்டும் இறுக்கி, செந்துணியைத் தன் கையாலேயே அவிழ்த்தாள். அந்தியில் அவ்வண்டி வறண்ட மேட்டு நிலங்களை நோக்கிப் புறப்பட்டபோது, அதன் சாளரம் ஒன்றின் ஓரத்தில் நாத்தனார் அமர்ந்திருந்தாள்.

“நல்லா இறுக்கி மாட்டியிருக்கேன். பயப்படாம போ.”

“பார்த்தா என்ன சொல்லட்டும் அண்ணி?”

அவள் சற்றே எண்ணினாள். “அவன் சக்கரத்துல கொண்டு வந்த செடி பூத்துடுச்சுன்னு சொல்லு. ஒரு சொட்டுத் தண்ணி ஊத்தாம பூத்துச்சுன்னு சொல்லு.”

வண்டி வாயிலைக் கடந்து, புழுதியெழுப்பித் திரும்பி, கண்ணுக்கு மறைந்தது. அப்புறம்தான் மழை வந்தது. நெடுநாள் வாராத விருந்தினன்போல் வந்து, சிறிதே நின்று, போயிற்று. அம்மழையில் பூக்களிற் பாதி உதிர்ந்து மண்ணில் கிடந்தன. மறுபாதி கொம்பிலேயே நின்றன. அவன் அங்கே அகப்பட்டானோ இல்லையோ, அதனைத் திருகாணி கேட்கவுமில்லை, நாத்தனார் சொல்லவுமில்லை. அதற்குப்பின் இருவரும் ஓய்வுநாள்தோறும் ஒன்றாய் உண்டனர் என்பது மட்டும் நான் அறிந்தது. இன்றும் அப்பணிமனைக்கு நீங்கள் சென்றால், எண்ணெய்த் தரைக்கும் மதிலுக்கும் இடையே சாம்பல் பூத்த ஒரு வரிசையைக் காண்பீர்கள். இரங்கத் தோன்றும், கையில் குவளையும் இருக்கும், ஆயினும் ஊற்றாதீர், சுவைஞரே. கொட்டிலுக்குள்ளிருந்து ஒரு பெண் உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அவள் கையில் திருகுகுறடு இருக்கிறது.